கிட்ட இருக்கிறவளுக்குத்தான் கனம்

பலாப்பழ வாசனை வந்தால் மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்கு இடது தோள் வலிக்கும்.

புதூர்நாட்டில் எங்கள் கொல்லையிலிருந்து ஜீப் வந்து நிற்கும் ரோட்டுக்கு ஒரே இறக்கம். பழங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிய கயிற்றை வளையமாக்கி மூங்கில் கழியில் கோத்து, கழியின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். முன்னால் நான். பின்னால் என் ஓரகத்தி மங்கா.

நாலடி வைத்ததுமே சாக்கு என் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பழத்தின் முள், சாக்கையும் என் ரவிக்கையையும் தாண்டி வந்து நலம் விசாரிக்கும். கழி தோளில் பதிந்து, மடித்துப் போட்ட துண்டு நழுவி, நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். பின்னால் மங்கா அக்கா பாட்டு பாடிக்கொண்டு வருவாள்.

"அக்கா, கொஞ்சம் எறக்கி வெச்சிட்டுப் போலாங்க்கா."

"எறக்கினா மறுபடி தூக்கணும்டி வசந்தா. நட. ரோடு தோ வந்துடுச்சி."

ரோடு வராது. அடுத்த பாட்டு வரும்.

அந்தச் சுமையோடு பாட ஒருத்திக்கு எங்கிருந்து மூச்சு வருகிறது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மங்கா மூத்தவள், உடம்பில் தெம்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். "பெரிய மருமவ சிரிச்சிக்கினே மூட்டை தூக்குறா. சின்னவதான் ரெண்டு அடிக்கு ஒருதரம் மூஞ்ச சுளிக்கிறா."

இதில் இன்னொரு விஷயம் உண்டு. இறங்கும்போது பின்னால் வந்த மங்கா, ஏறும்போது முன்னால் போய்விடுவாள். ரோட்டிலிருந்து உர மூட்டையோ ரேஷன் அரிசியோ மேலே கொண்டுபோகும் நாளில், "நீ பின்னால வா, நான் முன்னால முள்ளு கிள்ளு இருந்தா பாத்து சொல்றேன்" என்பாள். இறங்கும்போது, "எனக்கு முன்னால போனா தலை சுத்துது" என்பாள். இரண்டுக்கும் காரணம் இருந்தது. இரண்டும் நல்ல காரணமாகவே இருந்தன.

அதாவது ஏறினாலும் இறங்கினாலும் மேட்டுப் பக்கம் அவள், பள்ளத்துப் பக்கம் நான்.

அமிர்தியில் அந்தரத்தில்

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரங்களில் சொல்லிவிட்டேன். நான் பிறந்தது அமிர்திக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் எங்களை ஒருமுறை அமிர்திப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். மானையும் மயிலையும் பார்க்கப் போன இடத்தில் நான் பார்த்தது ஏற்றப்பலகைதான். நடுவில் ஒரு கட்டை, மேலே நீளப் பலகை, இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி.

எதிரில் உட்கார்ந்தவள் சாந்தி. நல்ல வாட்டசாட்டம். நான் அந்த வயதில் விளக்குமாற்றுக் குச்சி. சாந்தி உட்கார்ந்ததும் நான் மேலே போனேன். போனவள் போனவள்தான். சாந்தி இறங்கவே இல்லை. மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். அது என் பொட்டலம். ஏறும்போது விழுந்துவிடும் என்று அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

"சாந்தி, எறக்கி வுடுடி."

"இரு, இன்னும் கொஞ்சந்தான் கீது."

அன்றைக்கு எனக்குத் தெரியாதது ஒன்று. சாந்தியைக் கட்டைக்குக் கிட்டே நகர்ந்து உட்காரச் சொல்லியிருந்தால் நான் கீழே வந்திருப்பேன். கடலையும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லித்தரும் பாடம் பத்தாம் வகுப்பில் வந்தது. அந்த வருஷம் எங்கள் அறிவியல் சார் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறி, அறிவியலில் மட்டும் போனேன்.

கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, மங்காவும் பத்தாவதில் அறிவியலில் மட்டும் போனவள். ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு மருமகள்களும் ஒரே பாடத்தில் போயிருந்ததை எங்கள் மாமனார் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பொருத்தம் பார்த்துக் கட்டினாராம்.

இருட்டுப் பாடம்

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே புதிதாக ரேஷன் கடை வருவதாகப் பேச்சு வந்தது. அதில் கட்டுநர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்றும், பத்தாவது தேறியிருந்தால் போதும் என்றும் சொன்னார்கள். கட்டுநர் என்றால் அரிசி, சர்க்கரையை எடை போட்டுக் கொடுப்பவர்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை வருஷத்தில் பாதி நாள் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போய்விடுவார். எனக்கு உள்ளூரில் ஒரு வேலை கிடைத்தால் அவர் போக வேண்டியதில்லை. மங்காவுக்கோ முட்டி வலி. மேட்டிலும் பள்ளத்திலும் இன்னும் எத்தனை காலம் நடக்க முடியும் என்ற பயம் அவளுக்கு. ஆக, இரண்டு பேருக்கும் அந்த வேலை வேண்டும். வேலை ஒன்று.

விட்டுப்போன அறிவியலைத் தனித்தேர்வில் எழுதித் தேற, போட்டி போட வேண்டிய நாங்கள் சேர்ந்தே படித்தோம். காரணம் எளிது. புத்தகம் என்னிடம் இருந்தது, போன் அவளிடம் இருந்தது. சிக்னல் யாரிடமும் இல்லை. அது ஊருக்கு மேலே ஒரு பாறையில் மட்டும் கிடைக்கும். சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இரண்டு பேரும் பாறைக்கு ஏறிவிடுவோம். வீடியோவில் ஒரு வாத்தியார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார்.

"ஒரு பொருளைச் சுழலவைக்கிற விளைவுக்குப் பேர் திருப்புத்திறன். இங்கிலீஷில் டார்க்."

மங்கா வீடியோவை நிறுத்தினாள். "டார்க்னா இருட்டுதான?"

"அது வேற டார்க்குக்கா."

"எனக்கு இதுவும் அப்படித்தான் கீது."

வாத்தியார் விடவில்லை. விசை எவ்வளவு என்பது மட்டும் போதாது, சுழலும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்த விசையைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம் என்றார். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் திருப்புத்திறன். உங்கள் வீட்டுக் கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், பிறகு ஓரத்தில் தள்ளிப் பாருங்கள், புரியும் என்றார்.

சொன்னதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனார்.

கீலுக்குப் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. கதவத் தள்ளணும்."

"தொறந்துதான கீது?"

"பாதிதான் தொறந்து கீது. நீங்க உள்ளாண்ட நின்னு, தோ இந்தக் கீலுக்குப் பக்கத்துல ரெண்டு கையும் வெச்சித் தள்ளுங்க. நான் வெளியாண்ட இந்த ஓரத்துல ஒரே ஒரு வெரல வெச்சித் தள்றேன். யார் தள்றது நடக்குதுன்னு பாப்போம்."

அவர் மங்காவைப் பார்த்தார். அண்ணி முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் விஷயம் விளையாட்டில்லை என்று முடிவு செய்து, பீடியைக் காதில் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

முதலில் ஒரு கையால் தள்ளினார். கதவு அவர் பக்கமே போனது. சிரித்தார். இரண்டு கையாலும் தள்ளினார். கதவு இன்னும் அவர் பக்கம் போனது. சிரிப்பு நின்றது. காலை ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய முக்கினார். நான் சுட்டுவிரலைக் கொஞ்சம் அழுத்தினேன். கதவு மெதுவாகப் போய் அவர் நெற்றியைத் தொட்டது.

மங்கா அப்படியே உரலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது.

அவர் கீலைக் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். "துருப்புடிச்சிப் போயிக் கீது. அதான்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் கீலில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நான் விரலை நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குத் திருப்புத்திறன் புரிந்துவிட்டது. கீலிலிருந்து தள்ளிப் போகப் போக, கொஞ்சம் பலமே போதும். கீலுக்குக் கிட்டே நின்றால் பயில்வானும் முக்க வேண்டும்.

ஆடு ஓடிப்போன கணக்கு

அடுத்த சில நாட்களில் நெம்புகோல் வந்தது. கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பது, ஏற்றப்பலகை எல்லாம் நெம்புகோல்தான். தாங்குகிற புள்ளிக்கு இந்தப் பக்கத் திருப்புத்திறனும் அந்தப் பக்கத் திருப்புத்திறனும் சமமாக இருந்தால் கோல் சாயாது. இதை வைத்து எப்படிக் கணக்கு போடுவது என்று வாத்தியார் ஓர் உதாரணம் எடுத்தார்.

"இரண்டு மீட்டர் நீளமுள்ள கழியின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் தோளில் சுமக்கிறார்கள். அறுபது கிலோ மூட்டை ஒன்று, ஒருவரிடமிருந்து அரை மீட்டர் தூரத்தில் தொங்குகிறது. யார் எவ்வளவு சுமக்கிறார்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் மங்காவும் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் கண் போனில் இல்லை.

"கிட்டே இருப்பவர் தோளைச் சுழலும் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் வாத்தியார். "மூட்டையின் எடை அறுபது, தூரம் அரை. பெருக்கினால் முப்பது. அந்த முப்பதைத் தாங்க, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் எவ்வளவு கொடுக்க வேண்டும்? முப்பதை இரண்டால் வகுத்தால் பதினைந்து. தூரத்தில் இருப்பவருக்குப் பதினைந்து கிலோ. மீதி நாற்பத்தைந்து கிலோ, கிட்டே இருப்பவருக்கு."

"ஆட்டைக் கட்டாம வுட்டுட்டேன்னு நெனைக்கிறேன்" என்று மங்கா எழுந்தாள்.

ஆடுகள் எங்கள் காலடியில்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

அவள் எங்கேயோ இல்லாத ஆட்டைத் தேடிப் போனாள். நான் வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். நாற்பத்தைந்து, பதினைந்து. கண்ணை மூடி எங்கள் கொல்லைப் பாதையை நினைத்துப் பார்த்தேன். கழி சாய்ந்தால் கயிற்று வளையம் எந்தப் பக்கம் வழுக்கும்? பள்ளத்துப் பக்கம். பள்ளத்துப் பக்கம் யார் இருப்பது? என் முதுகில் குத்திய அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

கோபம் வந்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்தது, சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாள் முதல் ஒருத்தி என்னை இப்படி ஏமாற்றியிருக்கிறாள், அதுவும் பாட்டு பாடிக்கொண்டு. திருப்புத்திறன் தெரியாது, டார்க் என்றால் இருட்டு என்றவள்.

சண்டை போடலாம். போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது என்று தோன்றியது.

இடம் மாறியது

மறுநாள் சாக்கைக் கட்டியதும் சொன்னேன். "அக்கா, இன்னிக்கு நான் பின்னால வர்றேன்."

"ஏன்?"

"தோள்ல கொப்புளம். பின்னால வந்தா கழிய வலது தோளுக்கு மாத்திக்கலாம்ல."

இதில் அர்த்தமே இல்லை. முன்னால் போனாலும் தோள் மாற்றலாம். ஆனால் அவளுடைய காரணங்களையெல்லாம் நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவள். இப்போது அவள் முறை. மங்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முன்னால் போய்க் கழியைத் தூக்கினாள்.

பின்னால் நடப்பது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுற்றிலும் பார்க்க முடிகிறது. மரத்தில் பறவை இருந்தது. தூரத்தில் மலை இருந்தது. இத்தனை நாளாக இதெல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

பாதை சரிந்ததும் கயிறு தானாகவே மங்கா பக்கம் நகர்ந்தது. நகராத இடத்தில் நான் கையை நீட்டி விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டேன். என் வீட்டுக்காரரின் நெற்றியில் கதவைக் கொண்டுபோய் வைத்த அதே விரல்.

"அக்கா, கனக்குதா?"

"இல்லியே."

குரலில் மூச்சு வாங்கியது. நான் ஒரு பாட்டை எடுத்துவிட்டேன். எனக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு ரோடு வரைக்கும் பாடினேன்.

இப்படியே நாட்கள் போயின. ஏற்றத்தில் நான் முன்னால் போனேன், இறக்கத்தில் பின்னால் வந்தேன். ஊரில் பேச்சு மாறியது. "சின்னவளுக்கு இப்பதான் தெம்பு வந்திருக்குது. பெரியவதான் வாடிப் போய்ட்டா." என் மாமனார் மங்காவுக்கு நாட்டுக்கோழி அடித்து ரசம் வைக்கச் சொன்னார். வைத்தது நான்.

மங்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டியில் தைலம் தேய்த்துக்கொள்வாள். சாயங்காலம் பாறைக்கு வருவாள். என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்காததால் நான் பாடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். கயிற்றைத் தள்ளுவதைக் குறைக்கவில்லை.

பந்தல்காரர் மேலே போன நாள்

பரீட்சை திருப்பத்தூரில். காலையிலேயே சம்பத்து ஓட்டும் ஜீப்பில் ஏறினோம். ஜீப்பின் தலையில் சவுக்குக் கழிகள் கட்டியிருந்தன. மேலே ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், கழிகளோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஆள் கனமானவர். இரண்டு பேர் இடத்தை அவர் எடுத்துக்கொண்டதால் நானும் மங்காவும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம்.

ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய், ஜீப்பின் பின்சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கிவிட்டது. எல்லாரும் குதித்தோம். தள்ளினோம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, எங்கள் பரீட்சைப் புடவைகளில் சேற்றை அடித்தது.

"ஜாக்கி எங்க சம்பத்து?" என்று மங்கா கேட்டாள்.

"மச்சான் வண்டில கீதுக்கா."

"மச்சான் எங்க?"

"ஒசூர்ல."

அடுத்த ஜீப் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸும் போய்விட்டது. பரீட்சை மண்டபத்தின் கதவை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். குடகுக்குப் போகும் லாரியில் என் வீட்டுக்காரர் ஏறி உட்காருவது கண்முன் வந்தது.

மங்கா ஜீப்பின் தலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஏம்மா, கழிய தொடாதீங்க" என்றார் பந்தல்காரர். "வாடகைக் கழி. ஒடஞ்சா நான் இன்னா பண்றது?"

"ஒடையாது. நாலு கழிய சேத்துக் கட்டுவோம்" என்று மங்கா கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கழிகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு முனையை ஜீப்பின் பின் அச்சுக்கு அடியில் சொருகினோம். தாங்குவதற்குச் சம்பத்து ஒரு பெரிய கல்லை உருட்டி வந்தான். அதைக் கழியின் நடுவில் வைத்தான். நாலு ஆண்கள் அடுத்த முனையில் தொங்கினார்கள். ஜீப் அசையவில்லை.

"கல்ல சக்கரத்துப் பக்கம் தள்ளு" என்றேன் நான்.

"நடுவுல இருந்தாதான்க்கா பேலன்ஸ்" என்றான் சம்பத்து.

"பேலன்ஸ் யாருக்கு வேணும்? ஜீப்பு மேல வரணும், நாம கீழ போகணும்" என்றாள் மங்கா. "ஜீப்புக்குக் கல்லு கிட்ட இருக்கணும். நமக்குக் கல்லு தூரமா இருக்கணும். அப்பதான் நம்ம கனம் பெருசாவும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் சொன்னதைவிடச் சுருக்கமாக இருந்தது.

கல்லைச் சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நகர்த்தினோம். இப்போது கழியின் அடுத்த முனை ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. தாவிப் பிடித்துத் தொங்கினோம். ஜீப் லேசாக முனகியது, எழவில்லை. இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும். முனையிலேயே வேண்டும்.

எல்லாரும் பந்தல்காரரைப் பார்த்தார்கள்.

"நான் கழிக்குச் சொந்தக்காரன்" என்றார் அவர், அது ஒரு நோய் என்பதுபோல.

"உங்க கழி மேல நீங்க உக்காந்தா யாரும் கேக்க முடியாதுங்க" என்றாள் மங்கா, ரொம்ப மரியாதையாக.

அவரைச் சாலையோரத் திட்டில் ஏற்றி, அங்கிருந்து கழியின் முனையில் உட்கார வைத்தோம். உட்கார்ந்தார். கழி மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தப் பக்கம் ஜீப்பின் பின்பாகம், கோயில் தேர்போல நிதானமாக எழுந்தது. சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்கினோம். "ஏறு சம்பத்து" என்று நான் கத்த, அவன் ஏறி முடுக்கினான். ஜீப் ஒரே இழுப்பில் ரோட்டுக்கு வந்தது.

அச்சு போனதும் கழிக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. பந்தல்காரர் இருந்த முனை மட்டும் பொத்தென்று கீழே வந்தது. அவர் ரோட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. முதலில் கழியைத் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"ஒடயல" என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

மங்கா சொன்னது

மறுபடி ஜீப் ஓட ஆரம்பித்ததும் முந்தானையில் சேற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "இதெல்லாம் எப்பக்கா புரிஞ்சிது உனக்கு? பாறையில நீ ஆட்டத்தான தேடிக்கினு இருந்த?"

"தோள்ல புரிஞ்சிது" என்றாள். "நீ கயித்தத் தள்ளத் தள்ள, எவ்ளோ தூரத்துக்கு எவ்ளோ கனம்னு தெரியாதா?"

நான் வெளியே பார்த்தேன். வெளியே புளியமரம் தவிர வேறெதுவும் இல்லை.

"தெரிஞ்சிதான் வந்தியா?"

"நீ பின்னால வர்றேன்னு சொன்னப்பவே தெரியும். கொப்புளம்னியே, எந்தத் தோள்லன்னு உனுக்கே ஞாபகம் இல்ல. மாத்தி மாத்தித் தடவிக்கினு இருந்த."

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? நான் இத்தினி வருசம் பண்ணப்ப நீ கேட்டியா?"

"எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்ல" என்றாள். முட்டியை நீவிக்கொண்டே, "ஆனா நீ பாடினது அதிகம்" என்றாள்.

சிரிக்கக்கூடாது என்று இருந்தேன். அவள் தோள் குலுங்குவது என் தோளில் தெரிந்தது. திருப்பத்தூர் வரைக்கும் இரண்டு பேரும் எதையும் படிக்கவில்லை.

கதவைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே நுழைந்தோம். கேள்வித்தாளில் நெம்புகோல் கணக்கு வந்திருந்தது. அதே கழி, அதே இரண்டு பேர், எண்கள் மட்டும் வேறு. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. அந்த அவசரத்தில், கிட்டே இருப்பவருக்குக் குறைவாகவும் தூரத்தில் இருப்பவருக்கு அதிகமாகவும் மாற்றி எழுதிவிட்டு வந்தேன். வெளியே வந்து மங்காவிடம் சொன்னபோது அவள் நின்றுவிட்டாள்.

"கிட்ட இருக்கிறவளுக்குத்தான்டி கனம். உனக்கா தெரியல?"

வேலை ஒன்று

முடிவு வந்த அன்று பாறையில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பேரும் தேறியிருந்தோம். அவளுக்கு மார்க் கூட. எத்தனை கூட என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

நேர்காணலுக்கும் இரண்டு பேரும் போனோம். வேலை மங்காவுக்குக் கிடைத்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு அழுதேன். அடுப்பு எரியவில்லை. என் வீட்டுக்காரர் குடகுக்குப் பையை எடுத்து வைத்தார். வாசலில் மங்கா வந்து நின்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மேல ஒருத்தர் வருவாங்களாம். விற்பனையாளர். ரசீது போடறது, கடை சாவி எல்லாம் அவங்க கையில. இப்ப யாரோ பொறுப்பு பாக்கறாங்களாம். கீழருந்து வர்றாங்க, மழ பேஞ்சா வர மாட்டாங்க. நெலச்சி இருக்க மாட்டாங்க."

"அதுக்கு?"

"அதுக்குப் பன்னண்டாவது வேணும். நீ படி. என் போன இனிமே உன் வூட்லயே வெச்சிக்கோ."

"நான் உனக்கு மேல வந்து ஒக்காந்தா உனக்குப் பரவால்லியாக்கா?"

"நீ வந்தா திட்டலாம். கீழருந்து வர்ற ஆளத் திட்ட முடியுமா?"

படித்தேன். அந்தப் படிப்புக் கதை தனி, அதில் வேதியியல் என்று ஒரு வில்லன் வருகிறான். தேறினேன். அந்த இடம் காலியானபோது விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. என் வீட்டுக்காரர் இப்போது குடகுக்குப் போவதில்லை.

முதல் நாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வழியில் நாலு பேரிடம் பேசியதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அரிசி வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மங்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"வணக்கம் மேடம்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடானது. "அக்கா, சும்மா இருக்கா" என்றேன்.

"மேடம், கடை ஒம்பது மணிக்கு. இதே மாதிரி லேட்டா வந்தா நான் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கையை நீட்டினாள். நான் சாவியைக் கொடுத்தேன். அவள் பூட்டைத் திறந்து, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.